கூவத்துக்கு மாசு வரம்பு எழுதும்போது கரையில் இருப்பவர்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் பற்றிய செய்தி என்றால் அதில் ஒதுக்கிய கோடிகள் இருக்கும், தூர்வாரிய நீளம் இருக்கும், காலி செய்யப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை இருக்கும். ஓர் எண் மட்டும் இருக்காது. இந்தப் பாலத்திலிருந்து அந்தப் பாலம் வரை இந்த ஆறு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அழுக்கைத் தாங்கும்? அந்த எண்ணை எழுத வேண்டியது யார், எழுதும்போது யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இப்போது நடைமுறையில் இருப்பது ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்ற கணக்கு. டெல்லியில் நாடு முழுமைக்கும் எழுதப்பட்டது. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான பொது அளவில் பிஓடி 30 மி.கி. பிஓடி என்பது தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். அது ஏற ஏற மீனுக்கு மிஞ்சும் ஆக்சிஜன் குறையும். நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் பிஓடி 10 என்று இருந்தது. அம்மோனியா நைட்ரஜனுக்கு 5, மொத்த நைட்ரஜனுக்கு 10 என்றும் வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது பெருநகரங்களுக்கு பிஓடி 20, மற்ற பல ஊர்களுக்கு 30 என்று தளர்ந்துவிட்டது. நைட்ரஜன் வரம்பு பட்டியலிலேயே இல்லை. 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மறுபடி 10-க்குக் கொண்டுவந்து, நைட்ரஜனையும் சேர்த்து உத்தரவிட்டது. வரைவுக்கும் இறுதிக்கும் நடுவே கருத்துச் சொல்ல அவகாசம் இருந்தது. கூவத்தின் கரையில் குடியிருக்கும் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? மத்திய அரசிதழைப் படித்துக்கொண்டா அவர்கள் இருக்கிறார்கள்?

இந்த 20, 30 என்ற எண்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1912-இல் பிரிட்டனின் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம், பிஓடி 20, கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 30 என்று ஓர் அளவைப் பரிந்துரைத்தது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: விடப்படும் கழிவுநீரைப் போல எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஓடி 2 உள்ள ஆற்று நீர் எட்டுப் பங்கு, பிஓடி 20 உள்ள கழிவுநீர் ஒரு பங்கு. கலந்தால் 36-ஐ 9-ஆல் வகுக்க, 4 வரும். ஆறு ஓரளவு பிழைத்துக்கொள்ளும். நம் ஊரில் அந்த எட்டுப் பங்கு எங்கே இருக்கிறது? பருவமழை ஓய்ந்த பிறகு கூவத்தில் மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் அநேகமாகக் கிடையாது. ஓடுவதெல்லாம் சுத்திகரித்ததும் சுத்திகரிக்காததுமான கழிவுநீர்தான். அந்த நிலையில் 20 விட்டால் ஆறும் 20-தான். வரம்பை ஒரு சொட்டும் மீறாமலே ஆற்றைக் கொல்ல முடியும் என்பதுதான் இதன் பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாடு வாரியம் 2022-இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் பட்டியலில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் பதிவான பிஓடி 345. வீட்டுச் சாக்கடையே அந்த அளவில்தான் இருக்கும்.

இதற்கு வழி, லிட்டர் கணக்கோடு கிலோ கணக்கையும் சேர்ப்பது. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தில் இது 1972 முதல் இருக்கிறது. தரம் எட்டாத ஆற்றுப் பகுதியைப் பட்டியலிட வேண்டும். அது தாங்கக்கூடிய மொத்த நாள் சுமையைக் கணக்கிட்டு, ஒரு பகுதியைக் குழாய்களுக்கும், ஒரு பகுதியை மழையோடு அடித்து வருவதற்கும் பிரித்து, கணக்குப் பிசகுக்காகக் கொஞ்சம் ஒதுக்கியும் வைக்க வேண்டும். வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆற்றின் தர அளவுகளையே மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பொது விசாரணை வைத்து மாநிலங்கள் மறுபார்வை செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் கேட்க ஒரு மேடை இருக்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 17(1) பிரிவு, ஜி உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கழிவுநீருக்கான அளவுகளை மட்டுமல்ல, அதை வாங்கிக்கொள்ளும் நீர்நிலையின் தரத்தையும் வகுக்க, மாற்ற, நீக்க மாநில மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 3-ஆவது விதியும், வாங்கும் நீர்நிலையின் நிலையைப் பார்த்து, காரணத்தை எழுத்தில் பதிந்து, மத்திய அளவைவிடக் கடுமையான அளவை வாரியம் விதிக்கலாம் என்கிறது. அதாவது டெல்லி எழுதியது குறைந்தபட்சம். அதற்கு மேல் கூவத்துக்கென்று, அடையாற்றுக்கென்று எழுதத் தடையே இல்லை. விடுபட்டிருப்பது, அப்படி எழுதும்போது கரையில் இருப்பவர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்ற நடைமுறை. புதுத் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 30 நாள் முன்னறிவிப்போடு கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் ஆற்றின் வரம்புக்கு அந்த மரியாதைகூட இல்லை.

மக்களைக் கேட்க என்ன இருக்கிறது, இது நிபுணர் வேலையல்லவா என்பார்கள். முதல் கேள்வியே நிபுணருடையது அல்ல. இந்தத் தண்ணீர் எதற்கு? மத்திய வாரியம் ஐந்து வகுப்பு வைத்திருக்கிறது. பி வகுப்பு என்றால் குளிக்கலாம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையக் கூடாது, பிஓடி 3-ஐத் தாண்டக் கூடாது. டி வகுப்பு மீனுக்கும் காட்டுயிருக்கும். ஆக்சிஜன் 4, தனி அம்மோனியா 1.2-க்குள். இ வகுப்பு பாசனத்துக்கும் ஆலைக் குளிர்விப்புக்கும். அதில் ஆக்சிஜனுக்கு வரம்பே கிடையாது. ஆற்றின் ஒரு துண்டை இ என்று எழுதிவிட்டால் அங்கே மீன் செத்தாலும் காகிதத்தில் தவறே நடக்கவில்லை. அடையாறு முகத்துவாரத்தில் இறாலும் மடவை மீனும் இன்னும் வருகின்றனவா, எந்த மாதத்தில் வருகின்றன, எண்ணூர்க் கழிமுகத்தில் தடவிப் பிடிக்கும் பெண்கள் எந்த இடத்தில் இறங்குகிறார்கள் என்பது எந்த ஆய்வகத்துக்கும் தெரியாது. அதை ஊரூர்க் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும்தான் கேட்க வேண்டும். எந்த வகுப்பு என்பதை அந்தப் பயன்பாடு முடிவு செய்ய வேண்டும். இன்றைய தண்ணீரின் நிலையைப் பார்த்து அதற்குத் தக்க வகுப்பைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை.

அம்மோனியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரம்புப் பேச்சில் எப்போதும் நழுவிப்போவது அதுதான். பொது அளவில் அம்மோனியா நைட்ரஜனுக்கு அனுமதி 50 மி.கி. ஆற்றில் அது 20 மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீனைக் கொல்வது அந்த மொத்தம் அல்ல, அதில் வாயுவாகக் கரைந்திருக்கும் தனி அம்மோனியா. அதன் பங்கை முடிவு செய்வது நீரின் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட வராது: 0.16 மி.கி. அதே நீர் பிஎச் 8-க்கு ஏறினால் சுமார் 1.5, டி வகுப்பு வரம்பு தாண்டிவிட்டது. பிஎச் 9 ஆனால் சுமார் 9 மி.கி. பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் வெயில் ஏற ஏற பிஎச் ஏறும். ஆகவே அதே துண்டில் பிற்பகலில் அம்மோனியாவும் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவும் மாறி மாறி மீனை அடிக்கும். போதாதற்கு, 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் ஆற்றில் நைட்ரேட்டாக மாற சுமார் 4.5 மி.கி. ஆக்சிஜனைக் குடிக்கும். மூன்று நாள் பிஓடி சோதனையில் இதன் பெரும்பகுதி தெரியவே தெரியாது. பிஓடி 10 வந்துவிட்டது என்று மகிழும் நிலையம் 20 மி.கி. அம்மோனியாவை விட்டுக்கொண்டிருந்தால் ஆறு மீளாது. எந்த வரைவு வந்தாலும் முதலில் அம்மோனியா வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

குடியிருப்போர் சங்கமோ மீனவர் பஞ்சாயத்தோ கூட்டத்துக்குப் போகும்போது கையில் அளவு இருந்தால் பேச்சின் போக்கே மாறும். அளப்பதில் தவறுகள் எளிதில் நேரும். பகல் 11 மணிக்கு அளந்த ஆக்சிஜனை நம்பக் கூடாது. பாசியுள்ள நீர் பிற்பகல் 3 மணிக்கு 9, 10 கூடக் காட்டும். அதே இடம் விடியற்காலை 5 மணிக்கு 1-க்குக் கீழே இறங்கலாம். மீன் வாழ்வதும் சாவதும் அந்த 5 மணிக் கணக்கில்தான். வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் சலசலப்பிலேயே காற்று கலந்துவிடும். 300 மி.லி. கண்ணாடி பாட்டிலின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு, கீழிருந்து நிரப்பி, இரண்டு மூன்று பாட்டில் அளவு வழிய விட்டு, குமிழியே இல்லாமல் மூட வேண்டும். உடனே அங்கேயே மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு கரைசல் 2 மி.லி. விட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து படியும். வெள்ளையாகவே படிந்தால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. கணக்கே தெரியாதவருக்கும் கண்ணால் தெரிகிற சான்று இது. பிறகு கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கரைத்து, 200 மி.லி. எடுத்து, 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். அசைடு நஞ்சு, அமிலம் சுடும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர் கூட இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்பு நீரில் சல்பைடு இந்தச் சோதனையைக் குழப்பும். அங்கே மீட்டர்தான் சரி.

முகத்துவாரங்களில் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம் பார்த்து மாதிரி எடுக்க வேண்டும். ஏற்றத்தில் எடுத்தால் கடல் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். வற்றத்தின் கடைசியில் எடுத்தால் ஆற்றின் நிலை தெரியும். மணல் திட்டு வாயை அடைத்திருந்ததா, பொக்லைன் வைத்துத் திறந்திருந்தார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பிஓடிக்கான மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். நம் இந்தியத் தர அளவு 27 டிகிரியில் 3 நாள். வெளிநாட்டுக் கணக்கு 20 டிகிரியில் 5 நாள். அறிக்கையில் எது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை ஏற்காதீர்கள். இன்னொன்று: நீரில் குளோரின் மிச்சமிருந்தால் நுண்ணுயிர் செத்து, பிஓடி பொய்யாகக் குறைந்து தெரியும். சுத்திகரிப்பு நிலைய வாயிலில் எடுக்கும் மாதிரியில் குளோரினை நீக்கி, நுண்ணுயிர் விதை சேர்த்துச் சோதித்தார்களா என்று கேட்பது தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி.

கிலோ கணக்குக்கு ஓட்டத்தின் அளவும் வேண்டும். ஆற்றில் இறங்க வேண்டாம், பாலத்தின் மேலிருந்தே செய்யலாம். வளைவில்லாத 20 மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தைப் போடுங்கள். அது பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. தெர்மாகோல் துண்டு போட்டால் காற்றின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். ஐந்து தடவை போட்டுச் சராசரி எடுத்து, 0.85-ஆல் பெருக்க வேண்டும். மேல்மட்டத்தைவிட அடியில் ஓட்டம் மந்தம். ஆழத்துக்கு அளவு குறித்த மூங்கில் போதும். ஆனால் வெறும் மூங்கில் சேற்றுக்குள் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும், அடியில் ஒரு தட்டு அடித்துக்கொள்ளுங்கள். இப்படி அளந்த ஒரு கால்வாய் 4 மீட்டர் அகலம், சராசரி அரை மீட்டர் ஆழம், பழம் 20 மீட்டரை 67 வினாடியில் கடந்தது என்றால் ஓட்டம் விநாடிக்கு 0.51 கனமீட்டர், நாளைக்குச் சுமார் 4.4 கோடி லிட்டர். அதன் பிஓடி 60 என்றால் நாள் சுமை 2,640 கிலோ. ஒரு தடவை அளந்ததை நாள் முழுவதற்கும் பெருக்குவதும் பிழைதான்; காலை 7 முதல் 9 வரை சாக்கடை பெருகும், நள்ளிரவுக்குப் பின் வற்றும். மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு முழு நாள் அளந்தால்தான் அந்த எண் நிற்கும்.

இந்த 2,640-ஐப் பக்கத்தில் வைத்து மற்ற எண்களைப் பாருங்கள். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டரைச் சுத்திகரித்து பிஓடி 20-இல் விடும் அடுக்ககம் ஆற்றில் சேர்ப்பது 2 கிலோ. அந்த அடுக்ககத்துக்கு இசைவாணை (கழிவுநீரை விட வாரியம் தரும் அனுமதி) உண்டு, சோதனை உண்டு, நோட்டீஸ் உண்டு. மழைநீர் வடிகாலுக்கோ கால்வாய்க்கோ இசைவாணையே கிடையாது. ஏப்ரல் மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழை அல்ல. திருட்டு இணைப்போ, கழிவுநீர் உந்து நிலையம் நின்றுபோய் வழிந்ததோதான். கிலோ கணக்குப் போட்டால்தான் எது பெரியது, எதை முதலில் அடைக்க வேண்டும் என்று தெரியும். அதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். விநாடிக்கு 1 கனமீட்டர் ஓடும் துண்டில் பிஓடி 3 வேண்டும் என்றால் அது தாங்கும் மொத்தச் சுமை நாளைக்கு 259 கிலோ. மேலே சொன்ன கால்வாயை முழுவதும் பிடித்து 10-க்குச் சுத்திகரித்தாலும் 440 கிலோ வரும். ஆக, சுத்திகரித்தால் மட்டும் போதாது. ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன, வழி தெரியாத காரியம் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் திருப்பினால் கோடையில் ஆறே காய்ந்துவிடும். எவ்வளவு திருப்புவது, எவ்வளவை நல்ல நீராக ஆற்றில் விடுவது என்பது கரையில் இருப்பவரைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடிய விஷயம் அல்ல.

நாமே இன்றைக்குத் தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு. நீர்ச் சட்டம் 25(6) பிரிவின்படி, வாரியம் கொடுத்த இசைவாணைகளின் நிபந்தனைகள் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்படுபவரோ அக்கறை உள்ளவரோ அதைப் பார்வையிடலாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுங்கள். ‘ஆற்றின் நிலை என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தப் பாலம் முதல் எந்தப் பாலம் வரை, எந்த மாதங்கள், எத்தனை மாதிரி, எடுத்த நேரம், அம்மோனியா உண்டா, அந்தத் துண்டில் அனுமதிக்கப்பட்ட வெளியேற்றங்களின் மொத்த அளவு எத்தனை லிட்டர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் எடுத்த மாதிரி நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிக்கு ஈடாகாது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் வாரியத்தை வந்து எடுக்கச் சொல்ல அது போதும். எதுவும் நடக்கவில்லை என்றால் அதே சட்டத்தின் 49-ஆவது பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீதிமன்றம் போகக் குடிமக்களுக்கே உரிமை உண்டு.

வாரியத்திடம் நாங்கள் கேட்பது இது. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பயன்பாட்டு வகுப்பு, ஆக்சிஜன், அம்மோனியா, நாள் சுமை ஆகியவற்றைக் குறித்த வரைவைத் தமிழில் எழுதுங்கள். கணக்குத் தாளையும் கூடவே வையுங்கள். மாநகராட்சி வார்டுகளின் பகுதி சபைகளிலும், மேல் ஓட்டத்தில் திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளின் கிராம சபைகளிலும் அதை வாசியுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை எப்படியும் கூடுகிறது. மீனவக் குப்பங்களில் தனியாக, அவர்கள் கடலுக்குப் போகாத நேரத்தில் கூட்டம் வையுங்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றதா, ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் அதே மேசையில் உட்கார வேண்டும். உந்து நிலையமும் வடிகாலும் முகத்துவாரமும் அவர்கள் கையில் இருக்கின்றன.

எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. அடையாற்றில் திரு.வி.க. பாலம் முதல் முகத்துவாரம் வரை என்ற ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டம் மிகக் குறைந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையில் வாரியமும் குப்பத்தாரும் சேர்ந்தே அளக்கட்டும். ஜூலைக்குள் வரைவு வரட்டும். 60 நாள் கருத்துக் கேட்ட பிறகும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் வரம்பை அறிவித்துவிட முடியும்.

இப்படிக்கு,
நீர்த்தரப் பரிசோதனைப் பணியில் இருக்கும் சிலர்,
சென்னை.